பெரிதாகக் கனவு காண் என்று சொல்வதற்கு முன்

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரியுங்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் படங்களுக்குக் கீழே வழக்கமான பதில்கள்தான் இருக்கும்: டாக்டர் ஆவேன், இன்ஜினீயர் ஆவேன், கலெக்டர் ஆவேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பனை வறட்சி என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பல நாடுகளின் மாணவர்களுக்கு நடத்தப்படும் பீசா என்ற சர்வதேசத் தேர்வை 2018ஆம் ஆண்டு எழுதிய 15 வயது மாணவர்களிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டார்கள். 41 நாடுகளின் பதில்களைத் தொகுத்தபோது மாணவிகளில் 53 சதவீதத்தினரும் மாணவர்களில் 47 சதவீதத்தினரும் வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். உலகில் ஆயிரக்கணக்கான தொழில்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் வாயில் வருவது பத்து.

இதைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு இரண்டு வகை. ஆசைப்படக் காசா பணமா, பெரிதாக ஆசைப்படு, உழை, வந்துவிடும் என்பது ஒன்று. இது மேடைப் பேச்சு. எல்லாம் வளர்கிற இடத்தைப் பொறுத்தது, அவன் தலையெழுத்து அவ்வளவுதான் என்பது மற்றது. இது திண்ணைப் பேச்சு. ஒரே மனிதர் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே பாதி உண்மை என்பதால்தான் இரண்டும் இவ்வளவு காலம் பிழைத்திருக்கின்றன. சூழல் ஒரு மாணவனின் ஆசையைத் தொடுகிறது என்றால், எங்கே, எப்படித் தொடுகிறது? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

## விருப்பம் வேறு, எதிர்பார்ப்பு வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். எந்தத் தடையும் இல்லையென்றால் என்னவாக ஆசைப்படுகிறாய் என்பதற்கு வரும் பதில் விருப்பம். உள்ளபடி என்னவாக ஆவாய் என்று நினைக்கிறாய் என்பதற்கு வரும் பதில் எதிர்பார்ப்பு. வகுப்பில் எழுந்து நின்று டாக்டர் என்று சொன்ன ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் இரண்டாவது கேள்வியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். மாமாவின் லேத் பட்டறைக்குப் போவேன் என்று தயங்காமல் சொல்வான். ஏழைப் பிள்ளைகள் சின்னதாக ஆசைப்படுகிறார்கள் என்பது நம்முடைய தவறான எண்ணம். விருப்பத்தில் அவர்கள் அவ்வளவாகப் பின்தங்குவதில்லை. எதிர்பார்ப்பில்தான் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம் விழும் விதம்தான் நம் விஷயம்.

ஒரு சின்ன ஊரின் பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே நிற்கும் சிறுவனுக்குத் தெரிந்த ஊர்கள், பேருந்துகளின் பலகையில் எழுதியிருக்கும் ஊர்கள். டெல்லி என்று ஓர் ஊர் இருப்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. போகத்தான் வேண்டும் என்றால் எங்கே இறங்கி எதில் மாறுவது? அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. வண்டியே வந்து நின்றாலும், அதில் ஏறுகிறவர்கள் யாரும் தன்னைப்போல் இல்லையென்றால் கால் தயங்கும். ஆக, ஊர் கண்ணில் பட வேண்டும், மாற வேண்டிய இடம் தெரிய வேண்டும், இது நமக்கான வண்டிதான் என்ற எண்ணம் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விருப்பம் எதிர்பார்ப்பாக மாறாது. மேடைப் பேச்சாளர் வயிற்றில் பசியை மட்டும் கிளப்பிவிட்டு அடுத்த ஊர் போய்விடுகிறார்.

## கண்ணுக்கு எட்டும் தூரம்

இந்தப் பலகைகளுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் ஆசைச் சாளரம். பொருளியலாளர் தேப்ராஜ் ரே 2006இல் இதைத் தெளிவாக விளக்கினார். ஒருவர் தன் வாழ்க்கையை உலகத்தில் உள்ள எல்லாரோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. தனக்கு அருகில் இருக்கிறவர், தன்னைப்போன்றவர் என்று மனம் ஏற்றுக்கொண்டவர்களோடு மட்டுமே ஒப்பிடுகிறார். அந்தச் சின்னக் கூட்டம்தான் சாளரம். அதில் தெரியும் வாழ்க்கை தன்னுடையதிலிருந்து சற்றே உயரத்தில் இருந்தால் கையை நீட்டிப் பார்க்கத் தோன்றும். எல்லாரும் தன்னைப்போலவே இருந்தால் முயற்சிக்கு வேலையில்லை. எட்டாத உயரத்தில் இருந்தாலும் வேலையில்லை, பெருமூச்சோடு முடிந்துவிடும். சினிமா நடிகரின் பங்களாவை தினமும் திரையில் பார்ப்பதால் யாருடைய படிப்பும் கூடிவிடாததற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பாளர்கள் சுமார் 12 லட்சம் பேரின் பிள்ளைப் பருவத்தை ஓர் ஆய்வுக் குழு பின்னோக்கித் தேடிப் பார்த்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் ராஜ் செட்டி. பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள், இவர் டெல்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போனவர். வருமானத்தில் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள், கீழ்ப்பாதிக் குடும்பங்களின் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் கண்டுபிடிப்பாளர்களாக ஆகியிருந்தார்கள். மூளைதான் வித்தியாசம் என்று சொல்லவும் வழியில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஒரே மாதிரி முன்னணியில் இருந்த பிள்ளைகளிலும், வசதியான வீட்டுப் பிள்ளைகளே பிற்பாடு அதிகம் தேறினார்கள்.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது இன்னொரு தகவல். இன்று பாஸ்டன் நகரில் வேலை பார்க்கும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வளர்ந்தது சிலிக்கான் பள்ளத்தாக்கு. அவர் கணினித் துறையில் காப்புரிமை பெற வாய்ப்பு அதிகம். மற்றவர் வளர்ந்தது மருத்துவக் கருவி நிறுவனங்கள் நிறைந்த மினியாபோலிஸ். அவர் மருத்துவக் கருவியில் பெற வாய்ப்பு அதிகம். காசும் நல்ல பள்ளியும் மட்டுமே காரணமென்றால் ஊருக்கு ஊர் துறை மாறக் கூடாது அல்லவா? அக்கம்பக்கத்தில் எந்தத் தொழில் பேசப்பட்டதோ அந்தத் தொழில் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆசைச் சாளரம் என்பது பிள்ளை தன்னோடு ஒப்பிட்டுக்கொள்ளும் அருகாமை மனிதர்களின் வட்டம். அந்த வட்டத்தில் இருக்கும் தொழில்கள், படித்துத் தெரிந்துகொள்ளும் தொழில்களைவிட மனதில் ஆழமாக இறங்குகின்றன.

## கலாமின் கதையில் நாம் விட்டுவிடும் பாதி

கனவு காணுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லும்போது நாம் அப்துல் கலாமைத்தான் துணைக்கு அழைக்கிறோம். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, விண்வெளி விஞ்ஞானி, குடியரசுத் தலைவர். நடுவில் இருந்தது கனவும் உழைப்பும். இப்படித்தான் பள்ளி ஆண்டு விழாக்களில் கதை முடிகிறது. அவரே தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி எழுதியதையும் பேசியதையும் பொறுமையாகப் படித்தால், நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரியும்.

தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் என்று இருந்தவர் ஜலாலுதீன். பிற்பாடு கலாமின் அக்கா ஜோஹராவை மணந்தவர். ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். சிறுவன் கலாமிடம் படித்தவர்களைப் பற்றியும் விஞ்ஞானத்தைப் பற்றியும் ஓயாமல் பேசியவர் அவர். மாணிக்கம் என்ற தேசியவாதி தன் வீட்டு நூலகத்தைப் பையனுக்குத் திறந்துவிட்டார். உறவினர் சம்சுதீன் ஊருக்குச் செய்தித்தாள் விநியோகம் செய்தவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையில் ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றை எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கலாமின் முதல் சம்பளம் அப்படித்தான் வந்தது. கடலும் கோயிலுமாக இருந்த ஒரு தீவில், தினமும் உலகச் செய்தியைக் கையால் பிடித்துச் சுமந்த பையன் அவர்.

ஐந்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து நடத்தினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் கடற்கரைக்கே அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டினார். பறத்தல் தன் மனதில் விழுந்தது அன்றுதான் என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து, சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. எனப்படும் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி வளாகத்தில் செயல்விளக்கத்துக்காக நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பாராம். வானூர்திப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தது அப்படி. அங்கே சேரக் கட்டணம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

இந்தக் கதையில் நான் அடிக்கோடிட விரும்பும் இடம் வேறு. எம்.ஐ.டி.க்கு முன்பு கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தார். முடித்த பிறகுதான் தனக்குரியது இயற்பியல் அல்ல, பொறியியல் என்று உணர்ந்தாராம். கல்லூரியில் சேரும்போது வேறு படிப்புகள் இருப்பதோ, அறிவியல் படித்தவனுக்கு என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்பதோ தனக்குத் தெரியாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். கனவு இருந்தது, உழைப்பு இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது. எங்கே மாறி ஏறுவது என்ற தகவல் மட்டும் இல்லை. கலாமுக்கே இல்லை. அவர் சில ஆண்டுகளை இழந்ததோடு தப்பித்துக்கொண்டார், எல்லாரும் தப்புவதில்லை.

## நம்மைப்போல் ஒருவர்

சாளரத்தில் ஒரு தொழில் தெரிவது மட்டும் போதாது. அதைச் செய்கிறவர் யார் என்பதையும் பிள்ளை கவனிக்கிறது. தன்னோடு ஏதோ ஒரு வகையில் ஒத்திருப்பதால், அவரால் முடிந்தது என்னாலும் முடியும் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறவருக்கு முன்மாதிரி என்று பெயர். மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஒரு துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் அதிகம் இருந்த ஊரில் வளர்ந்த சிறுமிகள், அதே துறையில் கண்டுபிடிப்பாளர்கள் ஆனார்கள். ஆண் கண்டுபிடிப்பாளர்கள் எத்தனை பேர் இருந்தும் சிறுமிகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

நம் நாட்டு உதாரணம் இன்னும் அழுத்தமானது. பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 1993 முதல் சட்டம். மேற்கு வங்கத்தின் பிர்பூம் மாவட்டத்தில் எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது ஏறத்தாழக் குலுக்கல்போல் முடிவானதால், ஊர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று. பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட நான்கு பேர் 495 கிராமங்களில் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. வழக்கமான ஊரில் பெற்றோர் மகனுக்கு ஆசைப்பட்ட அளவுக்கு மகளுக்கு ஆசைப்படவில்லை. இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து பெண் தலைவி இருந்த ஊர்களில் அந்த வித்தியாசம் பெற்றோரிடம் 25 சதவீதமும் பிள்ளைகளிடம் 32 சதவீதமும் குறைந்திருந்தது. படிப்பில் ஆண் பெண் இடைவெளியே மறைந்துவிட்டது. சிறுமிகள் வீட்டுவேலைக்குச் செலவிட்ட நேரமும் குறைந்தது. இத்தனைக்கும் அந்த ஊர்களில் பெண்களுக்குப் புதிதாக வேலைவாய்ப்பு ஒன்றும் முளைத்துவிடவில்லை. தலைவியின் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பேருக்குத் தலைவி, எல்லாம் அவள் புருஷன்தான் என்று நாம் கிண்டல் செய்யும் அதே நாற்காலி.

இதன் மறுபக்கம் கசப்பானது. உத்தரப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் புதிர்ப்பாதைத் தாள்களைக் கொடுத்தார்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள். சாதியைச் சொல்லாமல் உட்காரவைத்தபோது, மேல்சாதி, ஒடுக்கப்பட்ட சாதி இரண்டு தரப்புச் சிறுவர்களும் ஒரே அளவில் தீர்த்தார்கள். சாதியைச் சத்தமாக வாசித்துவிட்டு ஆரம்பித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. அதே மூளை, அதே தாள். இது நமக்கான இடமில்லை என்று நினைவுபடுத்தியது மட்டுமே புதிது.

## எந்த வயதில்?

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதுதான் இதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அதற்குள் பாதி முடிந்திருக்கும். பிள்ளைகள் வளர வளர ஆசைகளைச் சேர்த்துக்கொண்டே போவதில்லை, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே போகிறார்கள் என்று உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இல் விளக்கினார். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள், இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை என்று ஒரு சுற்று. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள், இது நம் தகுதிக்குக் கீழே, இது நம் தகுதிக்கு மேலே என்று இன்னொரு சுற்று. எனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான், மிச்சம் இருப்பவற்றுக்குள் மட்டும், எழுகிறது. அடிக்கப்பட்டது என்ன என்று பிள்ளைக்கே நினைவிருக்காது.

வயதின் கனத்தைக் காட்டும் பெரிய சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1994 முதல் 1998 வரை பாஸ்டன், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களின் அரசுக் குடியிருப்புகளில் இருந்த ஏறத்தாழ 4,600 ஏழைக் குடும்பங்கள் குலுக்கலில் சேர்க்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோனால் மட்டுமே வாடகை உதவி என்று சீட்டு விழுந்தது. பெரியவர்களின் வருமானம் இதனால் கூடவில்லை; திட்டம் தோல்வி என்று பேசப்பட்டது. 2015இல் ராஜ் செட்டியும் உடன் இருவரும், பெரியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன்பு இடம் மாறியவர்கள், இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் அதிகம். பதின்மூன்றுக்குப் பிறகு மாறியவர்களுக்கு லாபம் இல்லை, சற்று நஷ்டம்கூட. கூடுதலாக வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்து சேர்ந்து பலன் தருகிறது. வாரக் கடைசி முகாமில் அது வராது.

## இரண்டுங்கெட்டானா, இரண்டும் பெற்றவனா?

இனி, பண்பாடுகள் கலந்த வளர்ப்புக்கு வருவோம். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி; அல்லது ஒரே தெருவில் மூன்று மதம், நாலு வழக்கம். இப்படி வளரும் பிள்ளையைப் பற்றியும் இரண்டு பேச்சு உண்டு. எதிலும் ஒட்டாத இரண்டுங்கெட்டான் ஆகிவிடும் என்பார் பாட்டி. பரந்த மனதோடு வளரும் என்பார் பள்ளி முதல்வர். கலப்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது என்பதே ஆய்வுகள் சொல்வது. எப்படிக் கலக்கிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

கலாமுக்குப் பள்ளிவாசல் தெருவில் வீடு. கோயில் குருக்களின் மகன் ராமநாத சாஸ்திரி நெருங்கிய நண்பன். சீதா கல்யாண உற்சவத்தில் சுவாமியைத் தெப்பக்குளத்தின் நடுவே கொண்டுபோகும் படகு கலாம் குடும்பத்துடையது. உயர்நிலைப் படிப்பு ராமநாதபுரத்தில் மிஷனரிகள் தொடங்கிய ஸ்வார்ட்ஸ் பள்ளியில். கல்லூரி இயேசு சபையினருடையது. இப்படி வளரும் பையனுக்குப் பலகைகள் அதிகம். அதோடு, தன் வீட்டு வழக்கம் பல வழக்கங்களில் ஒன்றுதான் என்பதும் சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. தந்தை செய்ததைத்தான் மகனும் செய்ய வேண்டும் என்பது இயற்கையின் விதியாகத் தோன்றாமல், ஒரு தேர்வாகத் தோன்றத் தொடங்கும்.

ஆனால் அதே ஊரில் ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஓர் ஆசிரியர், தொப்பி அணிந்த கலாம் பூணூல் அணிந்த நண்பனின் பக்கத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல் பின் பெஞ்சுக்கு அனுப்பினார். இது நடந்திருந்தபடியே நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே சுற்றுலாப் புகைப்படம்; நட்பு மட்டும் இருந்திருக்காது. நண்பனின் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்ததால் பெஞ்சு மீண்டது.

பெஞ்சுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்கலாம். ராஜ் செட்டி குழு 2022இல் ஃபேஸ்புக்கின் 2,100 கோடி நட்புகளை அலசியது. ஏழைப் பிள்ளைகள் மேலே வருவதோடு மிக நெருக்கமாகப் பொருந்திவந்த அம்சம், வசதியானவர்களோடு அவர்களுக்கு இருந்த நட்பின் அளவு. அந்த நட்புகள் குறைவாக இருப்பதற்கான காரணத்தில் பாதி, இரு தரப்பும் ஒரே இடத்தில் புழங்காதது. மறுபாதி, ஒரே பள்ளியில் இருந்தும் அவரவர் கூட்டத்தோடு ஒதுங்கிக்கொள்வது. இந்த இரண்டாவதற்கு நட்புச் சாய்வு என்று பெயர். பல தரப்புப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களில், மதிய உணவு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது.

சொந்தக் கூட்டம் கயிறாகவும் இருக்கும், கட்டாகவும் இருக்கும். மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளை ஆராய்ந்து கைவன் முன்ஷியும் மார்க் ரோசென்ஸ்வைக்கும் 2006இல் எழுதியதில் இது நன்றாகத் தெரிகிறது. அங்கே சில சமூகங்கள் ஆலை வேலை போன்றவற்றைச் சாதி உறவுகள் மூலமாகவே பிடித்துவந்தன. பொருளாதாரம் திறந்து, ஆங்கிலம் படித்தவர்களுக்குக் கூலி ஏறிய பிறகும், அந்தச் சமூகங்களின் பையன்கள் மராத்தி வழிப் பள்ளிக்கே போனார்கள். மாமா இருக்கிறார், வேலை வாங்கிக் கொடுப்பார். அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கு அப்படி எந்த மாமாவும் இல்லை. அவர்கள் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாறினார்கள். உதவும் வலை எங்கே பலமாக இருந்ததோ, அங்கே ஆசை பழைய இடத்திலேயே நின்றது.

அப்படியானால் சொந்தப் பண்பாட்டை உதறிவிட வேண்டுமா? நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஓரத்தில், 1975க்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர் குடியேறிய வெர்சாய் என்ற பகுதி நேர்மாறாகச் சொல்கிறது. ஏழ்மையான அக்கம்பக்கம், சுமாரான பள்ளிகள். அங்கே மின் ஜோவும் கார்ல் பாங்க்ஸ்டனும் மாணவர்களை ஆராய்ந்தபோது, வியட்நாமிய மொழியை நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த, தங்கள் சமூகத்தோடு நெருங்கியிருந்த பிள்ளைகளே பள்ளியில் அதிக மதிப்பெண் பெற்றார்கள், கல்லூரிக்குத் திட்டமிட்டார்கள். பெற்றோரோடு பேச ஒரு மொழி மிச்சமிருந்தது. படித்தால் பாராட்டவும் வழி தவறினால் தாய்க்குச் சேதி சொல்லவும் ஊர் இருந்தது. புதிய பண்பாட்டின் மொழியையும் வழியையும் கற்றுக்கொண்டு, பழையதன் உறவையும் கட்டுப்பாட்டையும் விடாமல் வைத்திருப்பதற்குத் தேர்ந்து கலத்தல் என்று பெயர். டொராண்டோவிலும் லண்டனிலும் வார இறுதியில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகும் பெற்றோர், இதனால் மற்ற படிப்பு கெடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

நம் ஊரிலேயே இப்போது இது நடந்துகொண்டிருக்கிறது. திருப்பூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பார்க்கலாம். ஒடிசாவிலிருந்து வந்த தாய், கைக்குழந்தையோடு நிற்பார். நர்ஸ் தமிழில் கேட்பதை, அரசுப் பள்ளிச் சீருடையில் இருக்கும் மூத்த பெண் ஒடியாவில் தாய்க்குச் சொல்லி, பதிலைத் தமிழில் திருப்பித் தருவாள். எத்தனை நாள் காய்ச்சல், தடுப்பூசி அட்டை எங்கே, ஆதார் இருக்கிறதா. வங்கியிலும் அவள்தான், வீட்டு உரிமையாளரிடமும் அவள்தான். பன்னிரண்டு வயதில் ஓர் அலுவலகம் எப்படி இயங்குகிறது, எந்த மேசையில் யாரிடம் கேட்டால் வேலை நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுடைய தமிழ் வகுப்புத் தோழிகள் பலருக்குத் தெரியாத பாடம் அது. அதற்காக அவள் பள்ளிக்கு வராத நாட்களும் உண்டு. வருகைப் பதிவேட்டில் அது விடுப்பு என்று மட்டும் பதிவாகும்.

கலப்பைப் பற்றி இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: புதிய பண்பாடு பலகைகளைக் கூட்டும், நட்பு இருந்தால் மட்டும். பழைய பண்பாடு தாங்கிப் பிடிக்கும், பழைய வேலைக்கே இழுத்துக் கட்டாத வரை.

## தகவல் கொடுத்தால் போதுமா?

டொமினிக்கன் குடியரசில் 2001இல் எட்டாம் வகுப்புப் பையன்களிடம் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஒரு கேள்வி கேட்டார். பள்ளிப் படிப்பை முடித்தால் சம்பளம் எவ்வளவு கூடும்? உண்மையைவிட மிகக் குறைவாகவே சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் பார்த்ததை வைத்துச் சொன்ன மதிப்பீடு அது. சில பள்ளிகளில் உண்மையான சம்பள விவரத்தை எடுத்துச் சொன்னார். அந்தப் பையன்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில், மற்றவர்களைவிடச் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் இருந்தார்கள். ஒரு சில நிமிடப் பேச்சுக்கு இது பெரிய பலன். ஆனால் மிக ஏழைக் குடும்பத்துப் பையன்களிடம் பெரிதாக மாற்றம் இல்லை. படித்தால் லாபம் என்று தெரிந்துகொண்டார்கள். படிக்கவைக்க வீட்டில் பணம் இல்லை. ஜோஹராவின் வளையல் எல்லார் வீட்டிலும் இருக்காது. உதவித்தொகையும் விடுதியும் கொடுக்காமல் ஊக்கம் மட்டும் கொடுக்கும் திட்டங்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

பணம் இருக்கும் இடத்திலும், யாரைக் கூப்பிட்டுப் பேசவைக்கிறோம் என்பதைப் பள்ளிகள் மறுபடி யோசிக்கலாம். ஆண்டு விழாவுக்கு மாவட்ட ஆட்சியர் வந்தால் பெருமைதான், வரட்டும். ஆனால் ரே சொன்ன கணக்குப்படி அவர் மிக உயரத்தில் நிற்கிறார். அதே பள்ளியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்து, இன்று பாலிடெக்னிக்கில், நர்சிங்கில், வேளாண் கல்லூரியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரை, முடிந்தால் மாணவி ஒருவரை, எட்டாம் வகுப்புக்கு ஒரு முழு மதியம் அனுப்பலாம். அவரிடம் தன்னம்பிக்கை உரை கேட்க வேண்டாம். கலந்தாய்வுக்கு எப்போது, எங்கே விண்ணப்பித்தார்? முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன கேட்டார்கள்? விடுதிக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? முதல் செமஸ்டரில் ஆங்கிலம் புரியாதபோது யாரிடம் போய்க் கேட்டார்? வீட்டில் வேண்டாம் என்றவர்களை எப்படிச் சம்மதிக்கவைத்தார்? இதற்கெல்லாம் விடை தெரிந்தவர் அந்த அறையில் பெரும்பாலும் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.